ஒரு கரண்டி மாவும் குடோன் கேமராவும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் சென்ற ஆண்டு என்னைக் கூப்பிட்டார். மாதக் கடைசியில் இருப்பை எண்ணியபோது ஆறு மூட்டைகள் குறைந்திருந்தன. அவருடைய குடோனில் எட்டு கேமராக்கள் உண்டு. அலுவலக அறையில் பெரிய டிவி, அதில் எட்டுக் கட்டங்கள், எல்லாம் பளிச்சென்று. ஒரு பதிவில், பொழுது சாயும் நேரத்தில், தலையில் துண்டும் முதுகில் மூட்டையுமாக ஒருவர் ஷட்டரைக் கடந்து போகிறார். வாசலில் லாரி எதுவும் நிற்காத நேரம் அது. யார் என்று பார்க்க முகத்தைப் பெரிதாக்கினோம். சாம்பல் நிறத்தில் நாலைந்து கட்டங்கள்தான் வந்தன. மற்ற ஐந்து மூட்டைகள் எப்போது போயின என்று தேடினால், பதினோரு நாட்களுக்கு முந்தைய பதிவே இல்லை.

இன்னும் நாலு கேமரா போடலாமா, இல்லை எல்லாவற்றையும் எட்டு மெகாபிக்சலாக மாற்றிவிடலாமா என்று கேட்டார். கேமரா பொருத்தும் தொழிலில் இருக்கும் எனக்கு இரண்டு கேள்விகளும் பழக்கமானவை. லீ பஜார் மண்டிகளிலும் கேட்டிருக்கிறேன், சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர்களிடமும் கேட்டிருக்கிறேன். விற்பவர்களும் இந்த இரண்டு எண்களை வைத்தே விலை சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குடோனின் கோளாறு வேறு இடத்தில் இருந்தது. எந்தக் கேமரா எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் யோசிக்காமல், ஏணி எட்டிய இடத்தில் எல்லாம் ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

புள்ளி வைத்த கோலம்

ஐந்து புள்ளி, ஐந்து வரிசை வைத்தால் ஒரு பூ போடலாம். மயில் வேண்டுமென்றால் அதைப்போல் மூன்று மடங்காவது புள்ளி வேண்டும். ஐந்து புள்ளியில் மயிலைப் போடச் சொன்னால், மார்கழி முழுக்கத் தெருவையே அடைத்துக் கோலம் போடும் கைக்கும் அது வராது. புள்ளியே இல்லாத இடத்தில் வளைவு எப்படி வரும்?

கேமரா தரும் படமும் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். ஒரு பிக்சல் ஒரே ஒரு நிறத்தைக் காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. மெகா என்றால் பத்து லட்சம். கடைகளில் இரண்டு மெகாபிக்சல் என்று விற்கும் கேமராவில் இடமிருந்து வலமாக 1920 புள்ளிகள், மேலிருந்து கீழாக 1080 புள்ளிகள். பெருக்கினால் ஏறத்தாழ இருபது லட்சம்.

இருபது லட்சம் என்று கேட்டதும் நிறையத் தோன்றுகிறது. அந்த இருபது லட்சத்தில் திருடன் முகத்தின் மேல் எத்தனை விழுகின்றன என்பதுதான் பேச்சு. மனித முகத்தின் அகலம் சுமார் அரை அடி. அந்த அரை அடிக்குள் நாற்பது புள்ளிகள் விழுந்தால் மயில் கிடைக்கும். ஐந்து விழுந்தால் பூ கூடத் தேறாது.

ஊத்தப்பமா, பேப்பர் ரோஸ்ட்டா?

ஒரு கரண்டி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஊற்றினால் கனமான ஊத்தப்பம். கல் முழுக்க இழுத்துத் தேய்த்தால் பேப்பர் ரோஸ்ட். மாவு அதே ஒரு கரண்டிதான்.

கேமராவின் புள்ளிகள் அந்த மாவு. லென்ஸ்தான் தேய்க்கும் கை. பத்து அடி அகலமுள்ள வாசலைப் பார்த்தால் 1920 புள்ளிகளும் பத்து அடிக்குள் கனமாக விழும். இருநூறு அடி அகலத்தைப் பார்த்தால் அதே 1920 புள்ளிகள் மெலிந்துபோகும். ஓர் அடி அகலத்துக்கு எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்ற கணக்கைப் புள்ளி அடர்த்தி என்று சொல்லிக்கொள்வோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை மனப்பாடம் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

எவ்வளவு அடர்த்தி வேண்டும் என்பதற்கு ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரவரையறையின் 2014 பதிப்பு மீட்டர் கணக்கில் சொன்ன படிகளில் நான்கு நமக்குப் போதும்: 25, 62, 125, 250. நம் ஊரில் குடோனை யாரும் மீட்டரில் அளப்பதில்லை என்பதால் அடிக்கு மாற்றித் தருகிறேன். அடிக்கு 8 புள்ளி இருந்தால், அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்பது தெரியும். 19 இருந்தால் என்ன உடை, என்ன செய்கிறார் என்பது தெரியும். 38 இருந்தால், ஏற்கெனவே பழக்கமான ஆள் என்றால் இவர் இன்னார் என்று சொல்லிவிடலாம். முன்பின் பார்த்திராத ஒருவரைச் சந்தேகத்துக்கு இடமின்றி அடையாளம் காட்ட 76 வேண்டும்.

இனி வகுத்தல். இரண்டு மெகாபிக்சல் கேமராவின் 1920 புள்ளிகளை இந்த எண்களால் வகுத்தால், ஆள் இருப்பதை அறியத் தோராயமாக 250 அடி அகலம் வரை காட்டலாம், நடவடிக்கையை அறிய 100 அடி, பழகிய ஆளை அறிய 50 அடி, அடையாளம் காட்ட 25 அடி. வரிசை எளிதாக நினைவில் நிற்கும்.

செவ்வாய்ப்பேட்டைக் குடோனுக்கு வருவோம். நீளம் நூறு அடி, அகலம் அறுபது அடி. ஷட்டரைப் பார்க்கும் கேமரா எதிர்க்கோடி மூலையில், நூறு அடி தள்ளி, அகலமாகக் காட்டும் லென்ஸோடு இருந்தது. அந்தத் தூரத்தில் அந்த லென்ஸ் விரிக்கும் அகலம் ஏறத்தாழ இருநூறு அடி. குடோனின் அகலமே அறுபது அடி என்பதால், பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் அடுக்கிய மூட்டைகளுக்கும் போய்விட்டன. மூட்டை தூக்கியவருக்கு மிஞ்சியது அடிக்குப் பத்துப் புள்ளி. முகத்துக்கு ஐந்து. நாங்கள் பார்த்த சாம்பல் கட்டங்கள் அவைதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: படம் தெளிவாகத் தெரிவதும் முகம் தெரிவதும் வெவ்வேறு விஷயங்கள். குறுக்கு வரிசையில் உள்ள புள்ளிகளை, கேமரா காட்டும் அகலத்தால் வகுத்தால் அடர்த்தி. முகத்துக்கு அடிக்கு 76 வேண்டும்.

எட்டு மெகாபிக்சல் வாங்கியிருந்தால்?

இரண்டிலிருந்து எட்டுக்குப் போனால் நான்கு மடங்கு தெளிவு என்று பலரும் நம்புகிறார்கள். எட்டு மெகாபிக்சலின் குறுக்கு வரிசையில் 3840 புள்ளிகள். 1920-க்கு இரண்டு மடங்குதான். மீதி இரண்டு மடங்கு உயரத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே அந்த வியாபாரி எட்டு மெகாபிக்சல் வாங்கி அதே மூலையில் மாட்டியிருந்தால் அடிக்குப் பத்தொன்பது புள்ளி கிடைத்திருக்கும், முகத்துக்குப் பத்து. துண்டின் நிறம் தெரிந்திருக்கலாம். அதே பழைய கேமராவைக் கழற்றி ஷட்டருக்குப் பதினைந்து அடி அருகில், பொருத்தமான லென்ஸோடு மாட்டியிருந்தால் அடிக்கு நூறைத் தாண்டியிருக்கும். செலவு, ஒரு லென்ஸும் கொஞ்சம் கம்பியும் அரை நாள் கூலியும்.

பதிவான படத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாமே என்ற எண்ணமும் உண்டு. சினிமாவில் யாரோ விசைப்பலகையைத் தட்ட, மங்கிய முகம் துலங்கிவிடும். ஊதாத பலூனில் மையால் ஒரு பெயரை எழுதிவிட்டு ஊதிப் பாருங்கள். எழுத்து பெரிதாகும், மை வெளிறும், எழுதாத எழுத்து ஒன்றும் புதிதாக முளைக்காது. பதிவைப் பெரிதாக்குவதும் அப்படித்தான்.

லென்ஸ் எண்ணின் பொருள்

கேமராப் பெட்டியின் மேல் 2.8, 4, 6, 12 மி.மீ. என்று எழுதியிருக்கும். இது குவியத் தூரம். எண் கூடக் கூட, கேமரா காட்டும் பகுதி குறுகும், தூரத்தில் இருப்பது அருகில் தெரியும். பரவலாக விற்கும் கேமராக்களில் தோராயமான கணக்கு இது: 2.8 லென்ஸ் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு அகலத்தைக் காட்டும். 4 லென்ஸ், ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். 6 லென்ஸ், தூரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. 12 லென்ஸ் பாதிக்கும் சற்றுக் குறைவு.

நடைமுறையில் பயன்படுத்திப் பார்ப்போம். ஷட்டர் பன்னிரண்டு அடி அகலம். பதினைந்து அடி தள்ளி 6 மி.மீ. கேமராவை வைத்தால் பதின்மூன்று, பதினான்கு அடி அகலம் தெரியும். ஷட்டர் முழுதும் அடங்கிவிடும், புள்ளி வீணாகாது. 1920-ஐப் பதினான்கால் வகுத்தால் அடிக்கு 137. அடையாளம் காட்டத் தேவையானதைவிட மிகுதி. ஆனால் சேலத்தில் எந்தக் குடோனுக்குள் போனாலும் எல்லாக் கேமராவும் 2.8 தான். காரணம், அதைத்தான் பெட்டி பெட்டியாக இறக்குகிறார்கள். விலைப்புள்ளி கேட்கும்போது மெகாபிக்சலோடு லென்ஸ் எண்ணையும் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர் இடத்தைப் பார்த்துத் திட்டம் போடவில்லை என்று பொருள்.

உச்சந்தலையைப் படம் எடுக்காதீர்கள்

குடோனில் கூரை உயரம் என்பதால் கேமராவும் உயரத்துக்குப் போய்விடுகிறது. பதினைந்து அடி உயரத்தில் இருக்கும் கேமரா, பதினைந்து அடி தள்ளி நடப்பவரை முப்பது டிகிரிக்கும் மேல் சாய்வாகப் பார்க்கிறது. சாதாரணமாக நடப்பவருக்கே நெற்றியும் மூக்கு நுனியும்தான் விழும். சுமைதூக்கும் தொழிலாளர் முதுகில் மூட்டையோடு குனிந்து வருவார், தலையில் துண்டு வேறு. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மூட்டைக்குக் கால் முளைத்து நடப்பதுபோலத் தெரியும்.

எட்டு, ஒன்பது அடி உயரத்தில் வைத்தால் அதே தூரத்தில் சாய்வு பதின்மூன்று டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கைக்கு எட்டிவிடுமே, திருப்பிவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்குப் பதில், முகம் பார்க்கும் கேமராவை இன்னொரு கேமராவின் பார்வைக்குள் வைப்பது. திருப்பியவர் யார் என்பதை மற்றது சொல்லும்.

எதிர்மாறாக, மூட்டையை எண்ணுவதற்கு உயரம்தான் நல்லது. லாரியின் பின்பலகைக்கு நேர் மேலே, கீழ்நோக்கி ஒரு கேமரா இருந்தால் ஏறும் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகத் தெரியும். முகம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எண்ணிக்கைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒரே கேமராவில் பிடிக்க நினைத்தால் இரண்டும் கிடைக்காது.

ஏற்காட்டு மலைப்பாதையில் கற்ற பாடம்

புள்ளிகள் போதுமான அளவு இருந்தும் படம் கெடுவதற்கு வெளிச்சமே பெரும்பாலும் காரணம். மெகாபிக்சலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிற கடைக்காரர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை.

கேமராவுக்குள்ளும் ஷட்டர்போல ஒரு மின்னணு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது ஒரு கணம் திறந்து மூடும். வெயிலில் கண நேரம் திறந்தால் போதும். மங்கலான இடத்தில் வெளிச்சத்தைச் சேர்க்க நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். நெடுநேரம் என்றால் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதற்குள் நடக்கும் மனிதர் இரண்டு அங்குலம் நகர்ந்துவிடுவார். முகமே ஆறு அங்குலம் அகலம். இரண்டு அங்குலம் இழுபட்டால் கண், மூக்கு எல்லாம் கலங்கிவிடும். நின்றால் தெளிவு, நடந்தால் மசமசப்பு என்று புகார் வரும் இடங்களில் எல்லாம் இதுதான் நடக்கிறது. வாசலில் நல்ல எல்இடி விளக்கு ஒன்றைப் போடுவது, கேமராவை மாற்றுவதைவிட மலிவு, பலனும் கூடுதல்.

இருட்டில் வேலை செய்யும் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத, கேமராவுக்குத் தெரிகிற ஒளி அது. இங்கேதான் ஏற்காட்டுச் சாலை நினைவுக்கு வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் மூடுபனி இறங்கினால், அனுபவமுள்ள ஓட்டுநர் முகப்பு விளக்கைத் தாழ்த்துவார். உயர்த்திப் போட்டால் பனித்துளிகளே ஒளியைத் திருப்பி அடித்து, எதிரே வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். ஜவ்வரிசி ஆலையிலும் மாவுக் குடோனிலும் காற்றில் மிதக்கும் தூசி இதே வேலையைச் செய்கிறது. இரவுப் பதிவில் பனி பெய்வதுபோலத் தெரிவது பேயும் இல்லை, கோளாறும் இல்லை. லென்ஸுக்கு முன்னால் சிலந்தி ஒரு நூல் கட்டிவிட்டாலும் அதே கதை. ஒளி அருகிலேயே திரும்பிவிடும், தூரத்தில் இருப்பது இருண்டுவிடும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், எனவே மாதம் ஒரு முறை துடைப்பம் ஏற வேண்டும். ஏற்காட்டில் காபி, மிளகு சேர்த்து வைக்கும் கொட்டகைகளுக்கு வெளிப்புறக் கேமரா போடும்போது நான் கேமராவோடு வரும் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் தனி விளக்குப் போடச் சொல்வேன். பனியில் அதுதான் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கிறது.

இன்னொரு சங்கடம் மேற்குப் பார்த்த ஷட்டர். மாலை வெயிலில் வாசல் தகதகக்கும், உள்ளே இருட்டு. வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நம் கண் சில நொடி தடுமாறுமே, கேமரா அந்தத் தடுமாற்றத்திலேயே நின்றுவிடும். உள்ளே வருகிறவர் கரிய நிழலாகத்தான் பதிவாவார். இதைச் சமாளிக்க டபிள்யூடிஆர் என்ற வசதி உண்டு. ஒரே காட்சியைக் குறைந்த திறப்பிலும் கூடுதல் திறப்பிலும் எடுத்து, இரண்டின் நல்ல பகுதிகளை ஒட்டித் தருவது அது. நல்ல வசதிதான். ஆனாலும் கேமராவை வாசலுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைப்பது அதைவிட நல்லது, அதற்குக் காசும் கிடையாது.

ஆக, அடர்த்தி சரியாக இருந்தாலும் உயரம், விளக்கு, எதிர்வெயில், தூசி ஆகிய நான்கையும் பார்த்த பிறகே இடத்தைக் குறிக்க வேண்டும்.

காகிதத்தில் குடோன்

இனித் திட்டம் போடலாம். ஒரு தாளில் குடோனை வரைந்து, கேமராக்களை வரைவதற்கு முன் கேள்விகளை எழுதுங்கள். அந்த நூறுக்கு அறுபது குடோனில் நாங்கள் எழுதியவை: உள்ளே வந்தது யார்? லாரியில் ஏறியது எத்தனை மூட்டை? எடை இயந்திரம் காட்டிய எண் என்ன? லாரியின் பதிவெண் என்ன? மூட்டை அடுக்குகளுக்கு இடையே யாராவது நடமாடினார்களா? பின்கதவு எப்போது திறந்தது?

முதல் இரண்டையும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். எடை இயந்திரத்துக்கு ஐந்தடி தள்ளி ஒரு கேமரா, எண் பலகையையும் மேடையையும் மட்டும் பார்க்கும்படி. இதை யாரும் போடுவதில்லை. குடோனில் குறைவது எல்லாம் சுவர் ஏறிக் குதித்துப் போவதில்லை, பெரும்பாலும் கணக்கு வழியாகவே போகிறது என்பது வியாபாரிகளுக்குத் தெரியும்.

லாரி எண் சற்றுத் தொல்லை பிடித்தது. இரவில் முகப்பு விளக்கின் கூச்சத்தில் எண் பலகை கரைந்துவிடும். அதற்கென்றே ஒரு கேமராவை ஒதுக்கி, திறப்பு நேரத்தை மிகக் குறைத்து வைக்க வேண்டும். பக்கவாட்டுச் சாய்வு முப்பது டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்தக் கேமராவில் மற்ற எல்லாம் இருட்டாகத் தெரியும்; தெரியட்டும்.

அடுக்குகளுக்கு இடையிலான சந்துகள் நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும். கேமரா காட்டுவதோ அகலமான படம், இருபுறமும் மூட்டைதான் நிறையும். கேமராவைத் தொண்ணூறு டிகிரி திருப்பி மாட்டி, அமைப்பில் படத்தை நிமிர்த்திக்கொண்டால், கைபேசியை நிறுத்திப் பிடித்ததுபோல உயரமான படம் வரும். சந்தின் தொடக்கம் முதல் கடைசி வரை தெரியும். பல கேமராக்களில் இந்த வசதி உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

மொத்தம் ஏழு கேமராக்களில் முடிந்தது. முன்பு எட்டு இருந்தன.

ஒரு எச்சரிக்கை. குடோன் காலியாக இருக்கும்போது வந்து திட்டம் போட்டுவிட்டுப் போவார்கள். சீசனில் மூட்டைகள் கூரையைத் தொடும்போது பாதிக் கேமராக்கள் சணல் பையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். அதிகபட்ச அடுக்கு எவ்வளவு உயரம், எங்கே என்பதைத் தாளில் முதலிலேயே கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். பெண் தொழிலாளர்கள் உடை மாற்றும், ஓய்வெடுக்கும் இடங்களையும் அதே தாளில் அடித்துவிடுங்கள். அங்கே கேமரா வைப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்கீழ் குற்றமாகலாம். திருட்டைப் பிடிக்க என்ற சாக்கு அங்கே எடுபடாது.

பதினோரு நாள் மர்மம்

மற்ற ஐந்து மூட்டைகளுக்கு வருவோம். கேமராக்களிலிருந்து வரும் படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி என்விஆர். அதற்குள் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. குழாயும் தொட்டியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேமராவும் ஒரு குழாய். நொடிக்கு எவ்வளவு தகவல் ஊற்றுகிறது என்பது பிட்ரேட். ஹார்டு டிஸ்க்தான் தொட்டி. நம் வீட்டுத் தொட்டி நிரம்பினால் வழியும். இந்தத் தொட்டி நிரம்பினால் அடியில் இருக்கும் பழைய தண்ணீரைத் தானே வெளியேற்றிவிடும். யாருக்கும் சொல்லாது.

அவருடைய கேமராக்கள் ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் ஊற்றின. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், அது நொடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளில் 86,400 நொடிகள். எனவே ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜிகாபைட், எட்டுக்கு ஏறத்தாழ 346. இருந்த ஹார்டு டிஸ்க் 4 டெராபைட், அதாவது 4,000 ஜிகாபைட். வகுத்தால் பதினொன்றரை நாள். ஒரு மாதம் நிற்கும் என்று சொல்லி விற்றவர் இந்த வகுத்தலைப் போட்டிருக்கவில்லை.

இருப்பை எண்ணுவதோ மாதத்துக்கு ஒரு முறை. குறைவு தெரியும் நாளில் பதிவு அழிந்திருக்கும் என்றால் கேமரா இருந்து என்ன பயன்? இருப்பு எண்ணும் இடைவெளியைவிடப் பதிவு நிற்கும் நாட்கள் பத்து நாளாவது கூடுதலாக இருக்க வேண்டும். மாதக் கணக்கு என்றால் நாற்பது நாள். எச்.265 என்ற சுருக்க முறைக்கு மாறினால், படம் கெடாமல் பிட்ரேட்டைப் பாதியளவுக்குக் குறைக்கலாம். ஆள் அசைந்தால் மட்டும் பதிவு செய்யும்படி உள் சந்துகளை வைக்கலாம். வாசலை அப்படி வைக்காதீர்கள், எப்போதும் ஓடட்டும். மீதிக்குப் பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கித்தான் ஆக வேண்டும். கணினிக்கு விற்கும் சாதாரணமானது வேண்டாம், இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும்படி கண்காணிப்புக்கென்று செய்தது வேண்டும்.

அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? டிவிக்குக் கீழே, எல்லாரும் பார்க்கும்படி வைத்தால், திருடன் போகும்போது அதையும் எடுத்துப் போவான். நாளிதழில் மாதம் ஒரு முறையாவது இந்தச் செய்தி வருகிறது. பூட்டிய மர அலமாரியில் வைத்தால், தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் அது வெந்துவிடும். காற்றோட்டமுள்ள இரும்புக் கூண்டு, பூட்டு, வேறு அறை. இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கம்பி, மின்சாரம், இடி

இப்போதைய கேமராக்களுக்குப் படமும் மின்சாரமும் ஒரே நெட்வொர்க் கம்பியில் போகும். பிஓஇ என்பார்கள். இந்தக் கம்பி நூறு மீட்டர், அதாவது 328 அடி வரைதான் தாங்கும். சந்தையில் செம்புக் கம்பி என்று சொல்லி, செம்பு பூசிய அலுமினியத்தை விற்கிறார்கள். பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தூரம் கூடினால் மின்னழுத்தம் குறைந்து, அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் இரவு நேரத்தில் மட்டும் கேமரா அணைந்து அணைந்து எரியும். பகலில் வந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஏழெட்டு கேமரா, என்விஆர் எல்லாம் சேர்ந்து நூறு வாட் அளவில்தான் இழுக்கும். வீட்டில் வைக்கும் இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் பகல் முழுக்க மின்தடையைத் தாங்கும். சேர்வராயன் மலை அடிவாரத்தில் சித்திரை, வைகாசி இடிமழைதான் பெரிய எதிரி. குடோனிலிருந்து எடை மேடைக்கோ கேட்டுக்கோ திறந்தவெளியில் கம்பி இழுத்தால், எங்கோ விழுந்த இடியால் எழும் மின்வீச்சு அதன் வழியே உள்ளே வந்து என்விஆரைச் சுட்டுவிடும். அந்தத் திறந்தவெளிப் பகுதிக்கு மட்டும் கண்ணாடி இழைக் கம்பி போடுங்கள். ஒளியில் இயங்கும் அது மின்சாரத்தைக் கடத்தாது. நல்ல எர்த் இணைப்பும் வேண்டும்.

கைபேசியில் குடோனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றி, பெரிய இணையத்தளங்களையே முடக்கியது. பொருத்தியவரும் தனக்கு நினைவிருக்க வேண்டும் என்று எல்லாக் கடைகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பார். அவர் போன பிறகு மாற்றுங்கள்.

காவல் நிலையத்துக்குப் போகும்போது

டிவித் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். என்விஆரிலிருந்து மூலப் பதிவை நகல் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சான்றிதழ் ஒன்றும் சேர வேண்டும். அதில் ஹேஷ் என்ற எண்ணும் கேட்கப்படுகிறது. ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டு வரும் அடையாளத் தொகை அது. கோப்பில் ஒரு புள்ளியை மாற்றினாலும் தொகை மாறிவிடும் என்பதால், பதிவைத் திருத்தவில்லை என்பதற்குச் சாட்சியாகிறது. இதைவிட எளிய விஷயம் ஒன்றில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: பெட்டியின் கடிகாரம். செவ்வாய்ப்பேட்டைப் பெட்டி இருபது நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. மூட்டை போனது ஆறு மணிக்கா, ஆறு இருபதுக்கா என்பதில் அன்று வேலைக்கு வந்த பாதிப் பேர் சந்தேகத்துக்கு உள்ளாகவும், மீதிப் பேர் தப்பவும் முடியும்.

நடந்து பார்த்தல்

எல்லாம் மாட்டி முடித்த அன்று மாலை, பணம் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை வைத்தோம். பொழுது சாய்ந்த பிறகு, வியாபாரியின் மைத்துனர் தலையில் துண்டைக் கட்டி, முதுகில் ஒரு மூட்டையை ஏற்றிக்கொண்டு, வழக்கமான வேகத்தில் ஷட்டர் வழியாக வெளியே நடந்தார். வியாபாரியை அலுவலக அறையில் உட்கார வைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினோம். இது எந்த ஆள், புதிதாகச் சேர்ந்தவரா என்று கேட்டார் அவர். கேமரா பத்தரை அடி உயரத்தில் இருந்தது. ஒன்பதில் மாட்டச் சொன்னதை ஏணியில் நின்ற பையன் கண்டுகொள்ளவில்லை. ஒன்றரை அடி இறக்கினோம், வாசலுக்கு ஒரு விளக்குச் சேர்த்தோம். மைத்துனர் முணுமுணுத்துக்கொண்டே அதே மூட்டையை மறுபடி தூக்கினார். இந்த முறை வியாபாரி, மச்சான் முகத்தில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்.